அக்கரைக் குருவி

தப்பஜோஸ் ஆற்றின் குறுக்கே
நாளைக்கு ஆறு நடை என் படகு.
மரவள்ளி மாவு, மண்ணெண்ணெய், பன்றிக்குட்டி,
ஒருமுறை இடுப்புவலியோடு நெல்சிதா.

ஆப்பலகுக் குருவிக்கு
அந்த நீரகலம் ஆகாது.
வால்முள்ளை ஊன்றி
அடிமரத்திலிருந்து சுற்றிச் சுற்றி ஏறும்,
பாதியில் அலுத்து
அடுத்த மரத்தின் காலடிக்குப் பறக்கும்.
வெயில் விழும் வெட்டவெளி என்றால் நின்றுவிடும்.
ஆறு அதற்கு உலகத்தின் ஓரம்.

பெலேமிலிருந்து வந்த ஐவெட்டே
இக்கரைக் குரலைப் பதிந்து
அக்கரைக் காட்டில் ஒலிபெருக்கியில் போட்டாள்.
ஒரு தலையும் திரும்பவில்லை.
"வேறு இனமாக இருக்கலாம்"
என்று எழுதிக்கொண்டாள்.
அக்கரைக்காரன் ஒருவனோடு
பதினோரு வருஷம் குடித்தனம் நடத்தியவள் நான்.
இதற்கு ஒலிபெருக்கி எதற்கு?

திரும்பும்போது
செருப்புப் பெட்டி ஒன்று என் மடியில்.
பஞ்சில் சுருட்டி, காலில் சீட்டுக் கட்டி
இக்கரைக் குருவி மூன்று,
அக்கரைக் குருவி இரண்டு.
காற்றில் மூடி லேசாகத் தூக்கியது.
அலகோடு அலகு.
ஐந்துக்கும் ஒரே தவிட்டு நிறம்,
எனக்குத் தெரிந்தவரை.

நடு ஆற்றில் மோட்டாரை நிறுத்தினேன்.
ஏன் என்றாள்.
டீசல் பார்க்கிறேன் என்றேன்.