இரண்டாவது டோஸ்

வயிறு மட்டும் உப்பியிருந்தது.
நன்றாகத் தின்கிறது என்று
ஒரு வாரம் பெருமைப்பட்டேன்.

வேப்பேரியில் டோக்கன் நாற்பத்தொன்று.
பக்கத்தில் நின்ற ஆடு
சீட்டைத் தின்னப் பார்த்தது.
டாக்டர் ஹெப்சிபா வயிற்றைத் தட்டி,
"வாடகை குடுக்காம உள்ள நிறைய பேர் இருக்காங்க" என்றார்.
எடை ஒன்றே கால் கிலோ.
பெயர்?
யோசித்திருக்கவில்லை.
"போண்டா."

மஞ்சள் மருந்து, ஊசியில்லாத சிரிஞ்சு.
பாதி என் சட்டையில்.
மீதியைத் தொண்டையைத் தடவித் தடவி இறக்கினேன்.

மறுநாள் விடியலில்
ஓட்டேரி மொட்டைமாடியில்,
கீழே தண்ணீர் லாரி உறுமிக்கொண்டிருக்க,
வந்து விழுந்தது
வெந்த சேமியா மாதிரி ஒரு முடிச்சு.
ஒன்று இன்னும் நெளிந்தது.
பேப்பரில் அள்ளி, ஃபினாயில் ஊற்றி,
மூன்று முறை கை கழுவினேன்.
அதற்குப் பிறகும் இட்லி இறங்கவில்லை.

போண்டா அதை ஒருமுறை முகர்ந்துவிட்டு
யாரோ போட்டது போல
என் செருப்பைக் கடிக்கப் போனது.

பதினைந்து நாளில் மறுபடி கொடுக்கணும்.
காலண்டரில் வட்டம் போடப் போனால்
அந்தத் தேதியில் ஏற்கெனவே ஒரு வட்டம்:
நாயா வீடா என்று
ஹவுஸ் ஓனர் கொடுத்த கெடு.

அதன் மேலேயே
இன்னொன்று போட்டேன்.