ஒரு விரலளவு இடம்

பொரளைச் சந்தியை மழை பிடித்துக்கொண்ட பின்னேரம்.
நாலாம் மாடிக் குழு அறையில்
பதினேழாம் பக்கத்தின் அடியில்
எறும்பு வரிசையாய் ஒரு வசனம்:
இந்த ஆய்வுக்குக் காசு தந்தவர்கள்
இந்த மருந்தைச் செய்பவர்கள்.

ஒளிக்கவில்லை. சொல்லித்தான் இருக்கிறார்கள்.
கண்ணாடியைக் கழற்றித் தாளை மூக்கருகே பிடித்தால்
வாசிக்கலாம்.

எண்களை ஒவ்வொன்றாய்த் தட்டிப் பார்த்தேன்
தேங்காய் வாங்குகிறவள் போல.
எதிலும் வெடிப்பில்லை.
எட்டு வாரத்தில் பிள்ளைகள் கதிரையில் இருக்கிறார்கள்.
ஒன்பதாம் வாரம் என்ன செய்தார்கள்?
கேள்விக்கான காசு எட்டோடு முடிந்துவிட்டது.

விலகியோர் பதினொருவர்.
காரணம்: தனிப்பட்டது.

அதில் ஒருத்தனை எனக்குத் தெரியும்.
கொட்டாஞ்சேனை ரெஜினாவின் மூத்தவன்.
நூற்றியெழுபத்தாறாம் பஸ்ஸில் பக்கத்து சீற்றில் இருந்து
அவள் ஒருநாள் சொன்னாள்:
"சோறு இறங்குதில்ல மிஸ்.
முந்தி மேசையில விரலால தாளம் போட்டபடியே இருப்பான்.
இப்ப இல்ல.
அது நல்லதா?"

அளவுகோலில் தாளம் ஏழாம் கேள்வி.
நின்றுபோனால் இரண்டு புள்ளி முன்னேற்றம்.
நான் அதைச் சொல்லவில்லை.
பொரளை வந்தது, இறங்கிவிட்டேன்.

"கொம்பனிக் காசு, தூக்கிப் போடுங்கோ"
என்கிறார் பேராசிரியர் வீரக்கொடி, பிஸ்கட் தட்டைத் தள்ளியபடி.
அவர் கையில் இன்னோர் ஆய்வு,
ஒருவரிடமும் ஒரு சதம் வாங்காதது.
பதினாலு பிள்ளைகள்,
ஒப்பிட்டுப் பார்க்க யாருமில்லை,
மருந்தே வேண்டாம் என்ற முடிவு
முதல் பந்தியிலேயே வந்து குந்தியிருக்கிறது.
வெறுங்கைக்கும் ஒரு சாய்வு உண்டு.
அதற்கு அடிக்குறிப்புப் போடும் வழக்கம்தான் இல்லை.

கூட்டம் முடிய ஒரு படிவம் சுற்றி வந்தது:
நலன் முரண் உண்டு, இல்லை. பொருந்தாததை வெட்டவும்.
மூன்று வருடமாய் இரண்டாவதை விட்டுவைத்து
கையெழுத்துப் போட்டவள் நான்.

என் மகள் காலையில் விழுங்கும் அரை வில்லை
இதே மருந்து.
போன தவணைதான் முதல்முறையாக
ஒரு கதைப் புத்தகத்தை
கடைசிப் பக்கம் வரை வாசித்தாள்.
மூடிவிட்டு என்னைப் பார்த்த பார்வைக்கு
எந்த அளவுகோலிலும் பெட்டி இல்லை.
அந்தப் பார்வைதான் நாலு மணியிலிருந்து
எனக்காகத் தாளைத் தட்டிக்கொண்டிருந்ததோ?

'இல்லை'யை வெட்டினேன்.
விபரம் எழுத விட்டிருந்தது
ஒரு விரலளவு இடம்.
அதற்குள் அடங்கவேண்டி
என் எழுத்தும் சிறுத்துச் சிறுத்து
எறும்பாகிக்கொண்டு போனது.