மேற்கோள் பட்டியலில் இல்லாதது

கோல கெட்டிலில் புத்தகக் கடை கிடையாது.
ஆ கியாட்டின் பழைய பேப்பர்க் கடை உண்டு.
கிலோ ஒரு வெள்ளி.
எதைப் படிப்பது என்று தராசுதான் முடிவுசெய்யும்.

அப்படி வீடு வந்து சேர்ந்தவை:
மலாயில் தேனீ வளர்ப்பு,
நாற்பதாம் பக்கத்தில் தொடங்கும் துப்பறியும் நாவல்
(கொலை நடந்து முடிந்திருந்தது),
யாரோ ஒரு மாலுமியின்
கடல் ஏறி வற்றும் நேரக் கணக்கு.

"பரீட்சைக்கு வருமா இது?"
லோரிச் சாவியை ஆட்டிக்கொண்டு அண்ணன் கேட்பான்.
வராது.
வராததால்தான் காலை நீட்டிக்கொண்டு படித்தேன்.

பிறகு பல்கலைக்கழகம். பிறகு ஆந்தைகள்.
எலி பிடிக்கவென்று செம்பனைக் காட்டில்
தோட்டம் நட்ட கம்பங்களில் அறுபத்திரண்டு பெட்டிகள்.
ஆலைப் பக்கத்துப் பதினேழில் மட்டும்
ஓர் இறகு இல்லை, எச்சம்கூட இல்லை.
ஏணியில் ஏறி எட்டிப் பார்க்கும் ஹரும்
மேலிருந்தே ஒரு சொல் போடுவான்:
கோசோங்.

எலி இருந்தது. விஷம் வைக்கவில்லை.
நாற்பத்தொரு ஆய்வுக் கட்டுரைகள்
ஒன்றையொன்று மேற்கோள் காட்டிக்கொண்டு
செக்கைச் சுற்றின.

தூக்கம் வராத ஓர் இரவில்
ஆ கியாட் கடைப் புத்தகம், அட்டை போனது,
நாடக அரங்கம் கட்டுவது பற்றி.
இரண்டு முறை பாதியில் விட்டது.
'மேடையில் ஊசி விழுவது
கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமா?
முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள்.'

எழுந்து ஜன்னலைத் திறந்தேன்.
ஆலை இரைந்துகொண்டிருந்தது.
பிறந்ததிலிருந்து காதில் விழுந்தும்
நான் கேட்டிராத இரைச்சல்.

இருட்டில் ஆந்தைக்குக் காதுதான் கண்.
சருகுக்கடியில் எலி நகரும் சத்தம்
அதன் சோறு.
கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு
வசனம் கேட்காமல் எழுந்து போயிருக்கிறது.

ஒலிமானி இரவல் வாங்கி, இருபது இரவுகள், கொசுக்கடி.
எண்கள் ஒத்துவந்தன.
எல்லாம் அல்ல:
மூன்று பெட்டிகள் இன்னும் அடம்பிடிக்கின்றன.

டாக்டர் நோரைனி வரைவைப் புரட்டினார்.
"இந்த யோசனைக்கு மேற்கோள்?"
ஆசிரியர் பெயர் கிழிந்த பக்கத்தில்.
ஆண்டைக் கரையான் தின்றது.
பதிப்பகம் என்ற இடத்தில் ஆ கியாட் என்று போடலாமா?
சிரித்தார்.
போடக் கூடாது என்றார்.

நேற்று மறுபடி குவியலைக் கிளறினேன்,
அடம்பிடிக்கும் மூன்றையும் மறந்துவிட்டு.
பாய்மரம் தைப்பது பற்றி ஒன்று,
பல் பிடுங்குவது பற்றி ஒன்று.
ஒன்றே கால் கிலோ.
காலை விட்டுக்கொடுத்தார் ஆ கியாட்.