கராம்பெண்ணெய்

ஐந்து சந்தியில் ஜவாஹிரின் பழைய இரும்புக் கடை.
தராசுக்கு வரிசையில் காத்திருந்தன
இரண்டு சைக்கிள் றிம், ஒரு தண்ணீர்ப் பம்பின் வயிறு,
சாரத்துணியில் சுற்றிய நீளமான ஒன்று.
"மானிப்பாயில மலாயன் பென்சன்காரற்ற வீடு இடிச்சவை.
பரணில கிடந்தது. யப்பான்காரன்ர.
கிலோக் கணக்கிலயோ, சாமான் கணக்கிலயோ?"
சாமான் கணக்கில் வாங்கினேன்.
எனக்கு முப்பத்தெட்டு வயது, எக்ஸ்றே எடுக்கும் வேலை.
வாள் பற்றித் தெரிந்ததெல்லாம்
அது எலும்பில் விட்டுப்போகும் கோடு.

முதல் பிழை அன்றிரவே.
மூங்கில் ஆணியைத் தட்டிக் கழற்றிப் பிடியை உருவினேன்.
உள்ளே கறுத்த வால், துருவுக்கடியில் ஏதோ எழுத்து.
குத்துவிளக்கு மினுக்கிப் பழகிய கை சும்மா இருக்குமா?
பழப்புளி, தேங்காய்த் தும்பு.
போகாத இடத்துக்கு அரம்.
மூன்று கிழமை கழித்துத்தான் படித்தேன்,
அந்தத் துருவில்தான் வயது பார்ப்பார்களாம்,
அதைத் தொடவே கூடாதாம்.
நானோ கழுவித் தேசி மரத்தடியில் ஊற்றியிருந்தேன்.

இரண்டாம் பிழையைச் சொல்லமாட்டேன்.
பெருவிரலில் நாலு தையல்.

பிறகு பார்க்கப் பழகினேன்.
குழல் விளக்குக்கு இரும்பு வாய் திறக்காது.
அறையை இருட்டாக்கி, ஒற்றைக் குமிழை எரியவிட்டு,
வாளைச் சரித்துச் சரித்து
வெளிச்சம் முடிகிற இடத்தைப் பார்க்கவேண்டும்.
வந்தது ஒருநாள், வெட்டுவாய் நெடுக வெள்ளைக் கோடு,
காக்கைதீவில் வற்று விட்டுப்போன நுரை மாதிரி.
சோற்றை அடுப்பில் மறந்தேன்.
மர ரேகை போல உடம்பிலும் வரி ஓடும்
என்றது புத்தகம். எனக்கு ஓடவில்லை.
கண்ணாடி மாற்றினேன். அப்போதும் இல்லை.

எண்ணெய் கராம்பெண்ணெய்தான் பூசவேண்டும்.
மதிலுக்கு அங்காலிருந்து தேவசகாயத்தின் மனைவி கேட்டா,
"ஆருக்குப் பிள்ளை பல்லுக்கொதி?"

எழுத்தின் மேல் தாள் வைத்துப் பென்சிலால் உரசி
நகோயாவுக்குத் தபால் போட்டேன்.
அங்கே மிசாகோ என்றொருத்தி இவற்றைப் படிப்பவள்.
பதிலில் நான்கு வரி.
ஒரு பக்கம் ஆண்டு: ஷோவா பதினேழு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு.
மறுபக்கம் செய்தவன் பெயர், அரம் தின்றுவிட்டது.
பட்டறை முத்திரை இருக்கிறது, பட்டாளத்துக்கு அடித்தது, பழம்பொருள் அல்ல.
வரி இந்த இரும்பில் கிடையாது, உங்கள் கண்ணில் பழுதில்லை.

அந்தக் கிழமைதான் சாருஜனைக் கொண்டுவந்தார்கள்.
பத்தொன்பது வயது. மறிக்கத் தூக்கிய கை.
"கொஞ்சம் திருப்பும் தம்பி" என்றேன், திருப்பினான்.
திரையில் முழங்கைக்குக் கீழே இரண்டு கோடு,
ஒன்று நேர், மற்றது நொறுங்கல்.
லொறி வில்லுத்தகடு, கிறைண்டரில் தீட்டினது,
வெட்டுவாய் சரியில்லை
என்று ஓடியது என் மனம்.
ஓடி முடிந்த பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை இரவுக் கடமை.
பன்பாயில் சுற்றி அதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.
இந்த ஊரில், இந்தக் காலத்தில், ஒரு வாளை.
"வேளைக்கே படுக்கப் போறியளோ மிஸ்?"
வாசற் காவலாளி சிரித்தான்.

மேசையில் கிடத்திச் சுவருக்குப் பின்னால் நின்று அழுத்தினேன்.
வெறும் வெள்ளை.
எங்கள் கதிர் இவ்வளவு இரும்புக்குள் போகாது.
மாணவருக்கு முதல் நாளே நான் சொல்லும் பாடம்.
ஆனால் வெள்ளையின் ஓரத்தில், நுனியிலிருந்து ஒரு சாண் கீழே,
கடுகளவு கறுப்பு. ஒரு சொட்டை.
ஆறு மாதம் குமிழின் கீழ் பிடித்தும் கண்ணில் படாதது.

விபரம் இல்லாமல் படத்தைச் சேமிக்க மெஷின் விடாது.
வயது கேட்டது.
எண்பத்திரண்டு என்று அடித்தேன்.
பெயர் கேட்டது.