பச்சை ஜாக்கெட் துணி

ஃப்ரீமாண்ட்டில் எங்கள் தெரு ஒரு முட்டுச்சந்து.
பதினான்கு வீடு. அடியில் எங்கோ ஒரு பிளவு.
மரிசெலா தன் கராஜில் கூட்டம் வைத்தாள்,
டோனட் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பானர்.
"கேஸ் வாடை வந்தால் மட்டும் மூடுங்கள்.
கால் திருப்பு போதும்.
மூடியதை நீங்களே திறக்காதீர்கள்."
பரீட்சைக்குப் போல எழுதிக்கொண்டேன்.

பிறகு சொன்னாள்:
பூமி ஆடி நின்றதும்
வீட்டில் எல்லாரும் நலமென்றால்
வாசல் கதவில் பச்சைத் துணி கட்டுங்கள்.
தேடி வருபவர்கள் பச்சையைத் தாண்டிப் போவார்கள்.
வெறுங்கதவைத் தட்டுவார்கள்.

பச்சைத் துணிக்கு எங்கே போவது?
என் அலமாரியின் கீழ்த்தட்டு ஞாபகம் வந்தது.
பதினொரு நவராத்திரியாக
வெற்றிலை பாக்கு மஞ்சளோடு வந்து
தைக்காமலே தங்கிவிட்ட ஜாக்கெட் துணிகள்.
எந்தப் புடவைக்கும் சேராத நிறம்,
வேர்வையை உறிஞ்சாத பாலியெஸ்டர்.
சன்னிவேலில் நான் வைத்துக் கொடுத்த ஒன்று
மூன்று வீடு சுற்றி, மடிப்புக் கலையாமல்
என்னிடமே திரும்பியிருக்கிறது.

கிளிப்பச்சை நான்கு, இலைப்பச்சை ஆறு,
பாசிப்பச்சை மூன்று, மயில்கழுத்து ஒன்று.
மயில்கழுத்து பச்சையா நீலமா என்று
கராஜில் வாக்கெடுப்பே நடந்தது.
பச்சைதான். ஏழுக்கு ஐந்து.

ஒன்பதாம் எண் வென்டெல் வரவில்லை.
எங்களுக்குள் பேச்சு நின்று ஆறு வருடம்:
என் முருங்கை அவர் பக்கம் இலை கொட்டுகிறது.
துணியை அவர் மிதியடியில் வைத்து
பறக்காமலிருக்க ஒரு கல்லையும் வைத்துவிட்டு வந்தேன்.

அக்டோபரில் ஒத்திகை.
சாப்பாட்டு மேசைக்கடியில் அறுபது எண்ணவேண்டும்.
நாற்பதில் குக்கர் விசிலடித்தது.
(அடுப்பை அணைக்கவில்லை என்று
மரிசெலா என் பெயருக்கு நேரே குறித்துக்கொண்டாள்.)
அட்டையும் பேனாவுமாய்த் தெருவில் நடந்தோம்.
பச்சை. பச்சை.
குர்தீப் வீட்டில் ஓரம் அடித்து, ஜரிகை வைத்த பச்சை.
ஒன்பதில் வெறுங்கதவு.

விதி விதிதானே. தட்டினேன்.
திறக்க வெகுநேரம் ஆயிற்று.
மூக்கில் குழாய். அவருக்குப் பின்னால்
மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு யந்திரம்.
துணி, நாலாக மடித்தபடி, அவர் கையில்.

"கரண்ட் போனால் பாட்டரி இரண்டு மணி நேரம்.
இதைக் கட்டிவிட்டால்
நீங்கள் தாண்டிப் போய்விடுவீர்கள், இல்லையா?"

வேலிக்கு இந்தப் பக்கம்
இரண்டு வருடமாய்க் கேட்ட அந்த முனகலை
ஏதோ ஓட்டை ஃப்ரிட்ஜ் என்று நினைத்து
புகார்க் கடிதம்கூடப் பாதி எழுதி வைத்திருந்தேன்.

வரைபடத்தில் ஒன்பதுக்கு நேரே எழுதினோம்:
முதலில். இரண்டு மணி.
யார் போவது என்ற கட்டம் வந்தபோது
மரிசெலா ஒன்றும் சொல்லவில்லை,
பேனாவை என்னிடம் நீட்டினாள்.

பிப்ரவரியில் ஒரு நாள், விடிவதற்கு முன்
பாத்திர அலமாரி கிலுகிலுத்தது. மூன்று புள்ளி ஏதோ.
ஒருவரும் துணி கட்டவில்லை, ஒருவருக்கும் நினைவில்லை.
ஒரு காலில் என் செருப்பு, மறுகாலில் மகனுடையது.
ஒன்பதாம் வாசலில் எனக்கு முன்னால்
குர்தீப்பின் டார்ச்.

"லாரியாக இருக்கும்," என்றார் வென்டெல்,
கதவை முழுதாகத் திறந்து பிடித்தபடி.
முட்டுச்சந்துக்குள், நாலரை மணிக்கு.

லாரிதான் என்றேன் நானும்.