லைனில் கோளாறு இல்லை

நோல்ஃபாவின் கை
'வா' என்று சொல்ல எழுந்து பாதியில் நின்றுவிட்டால்
'போதும்' ஆகிவிடும்.
இது பள்ளிக்கூடத்தில் படித்த சைகை இல்லை.
சிறுபிள்ளையில் நாங்கள் இரண்டு பேரும்
மேசைக்கடியில் உட்கார்ந்து அடித்த நாணயம்.
வேறெங்கும் செல்லாது.

நான் காஸ்த்ரோவில்,
கடலுக்குள் மரக்கால் ஊன்றி நிற்கிற வீட்டில்.
அக்கா தெற்கே, வெகு தெற்கே, புந்தா அரேனாஸில்.
ஞாயிறு தோறும் இரவு எட்டுக்கு
அவள் விரல்கள் சதுரம் சதுரமாக
உதிர்ந்து வந்து சேரும்.

காது கேட்கிறவர்களுக்குப் படம் உறைந்தாலும்
குரல் ஓடிக்கொண்டிருக்கும்.
எங்களுக்குப் படம்தான் குரல்.
திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்றத் தொடங்கினால்
யாரோ அவள் வாயைப் பொத்துகிறார்கள்.

நூறு வாங்கினேன்.
இருநூறு வாங்கினேன்.
சிப்பி உரித்த கூலியில் போன மார்ச்சில்
முந்நூறும் வாங்கினேன்.
அவள் அனுப்பிய பிறந்தநாள் வீடியோ
நொடிக்கு மூன்று என்று இறங்கியது.
முந்நூறு எங்கே, மூன்று எங்கே.
திருடுகிறீர்கள் என்று கொட்டை எழுத்தில் எழுதி
கம்பெனிக்கு அனுப்பினேன்.

ஈபார் கார்க்கமோ வந்தான்.
நனைந்த காலணியை வாசலிலேயே விட்டான்.
முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ பேசினான்,
தோளைத் தட்டித் திருப்பினேன்.
அதன்பின் என் மளிகைச் சீட்டை எடுத்து,
மாவுக்கும் வெங்காயத்துக்கும் கீழே எழுதினான்:
பில்லில் இருப்பது பிட். இறங்குவது பைட்.
எட்டால் வகுக்க வேண்டும்.

வகுத்தேன். முப்பத்தேழரை.
அதுவாவது எங்கே, என்று
மூன்று விரலை அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன்.
சிரித்துவிட்டான்.

தன் மடிக்கணினியைத் தன் கேபிளால்
ரவுட்டரில் நேராகச் சொருகினான்: இருநூற்று எண்பத்தேழு.
கேபிளைப் பிடுங்கி
வைஃபையில், பன்னிரண்டடி தள்ளி
என் மேசையில் வைத்தான்: இருபத்து நான்கு.
கடலுக்கு அடியில் ஒன்றும் அறுந்துபோகவில்லை.
தெருவரை, கதவுவரை, அலமாரிவரை
எல்லாம் வந்திருக்கிறது.
அலமாரியிலிருந்து என்னிடம் வரத்தான் வழியில்லை.

ரவுட்டரை அலமாரிக்குள் பூட்டியவள் நான்தான்.
அதன் பச்சை விளக்கு ராத்திரி முழுக்கச் சிமிட்டும்.
எனக்கு அது இரைச்சல்.

ஈபார் சுவரைத் தட்டினான். நான் உள்ளங்கையை வைத்தேன்.
மரம் அதிர்கிற மாதிரி அதிரவில்லை.
பலகைக்குள் துத்தநாகத் தகடு,
சமையலறை கட்டுவதற்கு முன்னால்
மழையைப் பார்த்து நின்ற பழைய வெளிச்சுவர்.
அதன் முன்னே இரும்பு அடுப்பு, அடுப்பின் மேல் அண்டா.
என் அக்கா இத்தனையையும் துளைத்துக்கொண்டு
வாரா வாரம் வந்திருக்கிறாள்.

துளை போட்டான். கேபிள் இழுத்தான்.
ரவுட்டரை இந்தப் பக்கம் உயரத்தில் மாட்டினான்.
சீட்டில் இடமில்லாமல் ஓரத்தில் எழுதினான்:
மூடாதே. எட்டு மணிக்குத் தெருவே இறக்குகிறது,
ஆறுக்குப் பேசு. முந்நூறு வேண்டாம், நூறு போதும்.
கம்பெனிக்குச் சொல்லிவிடாதே.

ஞாயிறு, ஆறு மணி.
நோல்ஃபா முழுதாக வந்தாள்.
ஸ்வெட்டரின் முழங்கையில் வேறு நிற நூல்,
ஒரு காதில் மட்டும் தோடு.
பூனை குட்டி போட்டதைச் சொன்னாள்.
எரிவாயு விலையைச் சொன்னாள்.
வலது கை நடுங்கிக்கொண்டே சொன்னது.

ஒரு வருஷமாக அந்த நடுக்கத்தைப் பார்க்கிறேன்.
லைன் என்று நினைத்திருந்தேன்.

பொறு என்றேன்.
வேகம் அளந்தேன். இருநூற்று எண்பத்தொன்று.
மறுபடி. இருநூற்று எண்பத்து நான்கு.
ஜன்னலைச் சாத்திவிட்டு மறுபடி.
குறையவில்லை.
ஒரு தடவை குறைந்து தொலைக்கக் கூடாதா.

என்ன பார்க்கிறாய், என்றாள்.
லைன், என்றேன்.
சரியாகிவிட்டதா?
ஆகிவிட்டது.

அப்படியானால் நேரில்தான் ஒருமுறை
'வா' என்றாள்.
கை பாதியில் நிற்கவில்லை.
நிற்கவே இல்லை.