கடலுக்குக் கட்டிய பை

நாகப்பட்டினம் துறைமுகத்தில்
மூன்றாம் எண் கூண்டு ஏற்றியிருப்பதாகச்
செய்தியில் சொன்னபோது
பை கட்டி முடித்திருந்தோம்.
தரங்கம்பாடி அறைக்காரர்
முன்பணம் திரும்பாது என்றார், மிகுந்த மரியாதையோடு.
அவரையும் குறை சொல்ல முடியாது,
அவர் கூரை மேலும்தான் காற்று வீசும்.

மூன்று நாள் விடுப்பு.
அதற்கு நான் எழுதிய கடிதம் ஒரு முழுப் பக்கம்.
செந்தூரன் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்திருந்தான்.
உள்ளே இரண்டு லாரிகள்
பாதி உடம்போடு நின்றன.
"ஏற்காட்டுக்காவது போவோம்" என்றேன்.
அந்த 'ஆவது'
அஸ்தம்பட்டி தாண்டியும் இறங்கவில்லை,
வண்டிக்குள் எங்களை நெருக்கியபடி
உட்கார்ந்தே வந்தது.

பையை மாற்றிக் கட்ட
ஒருவருக்கும் தோன்றவில்லை.
அரைக்கைச் சட்டைகள், மணல் வாளி,
சிவப்பு மண்வெட்டி, காற்றில்லாத வாத்து மிதவை
எல்லாம் எங்களோடு மலையேறின.
ஒரு சால்வை இல்லை.
ஒரு குல்லாய் இல்லை.

பதினோராவது கொண்டை ஊசியில்
சின்னவன் வாந்தியெடுத்தான், மணல் வாளிக்குள்.
பாவம், அதற்குக் கிடைத்த முதல் வேலை.
பதினாறாவதில்
தட்டுவடைப் பொட்டலத்தைப் பிடுங்கிய குரங்கு
காரச் சட்னியை நக்கிப் பார்த்துவிட்டு
எங்களை ஒரு பார்வை பார்த்தது.

அறையில் ஒரே கம்பளி. நாங்கள் நான்கு பேர்.
விடுதி ரோஸ்லின் அக்கா
எங்கள் உடுப்பை மேலும் கீழும் பார்த்தாள்,
ஒன்றும் கேட்காமல் இன்னொன்று கொண்டுவந்தாள்.
அதில் பாச்சை உருண்டையும் மிளகும் மணத்தது.

மாலையில் மழை பிடித்துக்கொண்டது.
ஏரியில் படகுகளைச் சங்கிலியில் கட்டிவிட்டார்கள்.
மின்சாரம் போனது, பின்னாலேயே கைபேசியும்.
தவணைக்காரன் கூப்பிட முடியாத சாயங்காலத்தை
எந்தக் கையில் பிடிப்பதென்று
செந்தூரனுக்குத் தெரியவில்லை.
கொஞ்ச நேரம் ஜன்னல்.
கொஞ்ச நேரம் சுவர்.
பிறகு வாத்தை எடுத்து ஊத ஆரம்பித்தான்.
மெழுகுவத்தி வெளிச்சத்தில்
வாய் எடுக்கும்போதெல்லாம் மூச்சு வெள்ளையாக வந்தது.
"எதுக்குப்பா?" என்றாள் யாழ்மதி.
"இருக்கட்டும்."
வாத்து மெல்ல எழுந்து உட்கார்ந்தது.
அச்சுப் பிசகில் அதற்கு ஒரு கண் நெற்றியில்.
அவன் சிரித்தான். நான் திரும்பிப் பார்த்தேன்,
அந்தச் சத்தம் யாருடையது என்று.

"இது அந்தப் புயல்தான்" என்றேன் குழந்தைகளிடம்,
"கடலூர்ப் பக்கம் கரையேறி
கள்ளக்குறிச்சி தாண்டி, கல்ராயன் தாண்டி
நம்மைத் தேடி வந்திருக்கு."
வலுவிழந்தது என்பார்கள் செய்தியில்.
அவ்வளவு தூரம் நடந்தால்
யாருக்குத்தான் கால் வலிக்காது?

யாழ்மதி வாளியை இரண்டு முறை கழுவி
வாசலில் வைத்தாள்.
விடியும்போது முக்கால் வாளி கடல்.
விரலை விட்டு நக்கிப் பார்த்துச் சொன்னாள்:
"உப்பே இல்லம்மா."
அப்படியானால்
அதற்காவது தோன்றியிருக்கிறது,
பையை மாற்றிக் கட்ட.

பகோடா பாயிண்டில்
தலைக்கு இருபது ரூபாய்க்குச் சேலத்தைக் காட்டுகிறவர்
வெறும் வெள்ளையைக் காட்டி
"இதோ, இதுதான் உங்க வீடு" என்றார்.
சின்னவன் கையாட்டினான்.
மனசு கேட்காமல் பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார்.
மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டோம்.
வேறொன்றும் பார்க்கவில்லை.

இறங்கும்போது காற்றைப் பிடுங்க விடவில்லை யாழ்மதி.
வாத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.
காது அடைத்துத் திறந்த ஒவ்வொரு வளைவிலும்
அது கொஞ்சம் தொய்ந்தது,
அடிவாரத்தில் கழுத்து சாய்ந்துவிட்டது.
"ஓட்டை, ஓட்டை" என்று அழுகை.

வீட்டுக்கு வந்ததும்
எட்டு முறை அடித்த கைபேசியை எடுக்காமல்
செந்தூரன் குளியலறைக்குப் போனான்.
பெரிய வாளியில் தண்ணீர் நிரப்பி
வாத்தை முழுக்க அமுக்கிப் பிடித்தான்.
நாங்கள் மூவரும் குனிந்து பார்த்தோம்.

ஒரு குமிழியும் வரவில்லை.